கனமான வேலைக்கு முன்னுரிமை: உயர்த்துவதா, தாழ்த்துவதா, கோர்களைப் பிரிப்பதா?

ஒரு நீண்ட வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்துவிட்டு, அது முடிவதற்குள் ஒரு கடிதத்தை அடித்து முடித்துவிடலாம் என்று உட்காருகிறோம். எழுத்தை அழுத்தினால் அரை நொடி கழித்துத்தான் திரையில் வருகிறது. மவுஸ் தத்தித் தத்தி நகர்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு 100 சதவீதம். டீடெயில்ஸ் பக்கத்தில் அந்த நிரலின் பெயர்மேல் ரைட் கிளிக் செய்தால் ‘செட் பிரையாரிட்டி’ என்று ஒரு பட்டியல் விரிகிறது: ரியல்டைம், ஹை, அபவ் நார்மல், நார்மல், பிலோ நார்மல், லோ.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. வேலை சீக்கிரம் முடிய வேண்டுமே, ஏற்றிவிடலாமா? கணினி இழுக்கிறதே, இறக்கிவிடலாமா? பக்கத்திலேயே ‘செட் அஃபினிட்டி’ என்று இன்னொன்று இருக்கிறதே, அது எதற்கு? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சமயங்களில் கனமான வேலையை இறக்கிவிடுவதே சரி. ஏற்றுவதற்கும் இடம் உண்டு, ஆனால் அது நீங்கள் நினைக்கும் நிரலுக்கு அல்ல. நினைவகம் போதாத கணினியில் இந்த இரண்டுமே உதவாது, அங்கே வழி வேறு.

## எதை வைத்து எடை போடுவது?

நான்கு கேள்விகள் போதும். வேலை எப்போது முடியும்? அது ஓடும்போது அதே கணினியில் நான் உட்கார்ந்து வேறு வேலை பார்க்க முடியுமா? தவறாக அமைத்துவிட்டால் எவ்வளவு சேதம்? ஒருமுறை அமைத்தால் நிற்குமா, ஒவ்வொரு முறையும் திரும்பச் செய்ய வேண்டுமா?

முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாவதைக் கேட்காமல் விட்டவன் நான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

எடை போடுவதற்கு முன் முன்னுரிமை உள்ளே என்ன செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். சிபியுவின் ஒரு கோர், அதாவது கணக்குப் போடும் ஒரு தனி அலகு, பொதுவாக ஒரு நேரத்தில் ஒரு திரெட்டைத்தான், அதாவது நிரலின் ஒரு வேலைச் சரத்தைத்தான், ஓட்டும். கோர்களைவிட அதிகமான திரெட்டுகள் தயாராக நிற்கும்போது யாரை முதலில் விடுவது என்ற கேள்வி எழுகிறது. முன்னுரிமைக்கு அங்கேதான் வேலை. வரிசையில் வேறு யாரும் இல்லாதபோது முதல் ஆளாக நிற்பதால் ஒரு லாபமும் இல்லை.

விண்டோஸில் இந்த வரிசைக்கு 0 முதல் 31 வரை 32 படிகள். லோ என்றால் 4, பிலோ நார்மல் 6, நார்மல் 8, அபவ் நார்மல் 10, ஹை 13, ரியல்டைம் 24. விதி கறாரானது. எட்டாம் படியில் ஒரு திரெட் ஓடத் தயாராக நின்றால், அதே கோருக்காக ஆறாம் படியில் காத்திருப்பதற்கு இடமில்லை. அது அடியோடு பட்டினி கிடக்காமல் இருக்க, சுமார் 4 நொடிகளுக்குமேல் காத்துக் கிடக்கும் திரெட்டைக் கொஞ்ச நேரத்துக்குப் பதினைந்தாம் படிக்குத் தூக்கிவிடும் ஏற்பாடு ஒன்று உள்ளே இருக்கிறது.

லினக்ஸ் பங்கு பிரித்துக் கொடுக்கும். அங்கே ‘நைஸ்’ என்ற எண், −20 முதல் 19 வரை. அடுத்தவரிடம் எவ்வளவு நல்லபடியாக நடந்துகொள்கிறாய் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். அதனால் எண் கூடக் கூட முன்னுரிமை குறையும். புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது வழக்கம். நைஸ் 0 உள்ள வேலையின் எடை 1024, நைஸ் 10-இன் எடை 110, நைஸ் 19-இன் எடை 15. ஒரே கோருக்கு 0-உம் 10-உம் மோதினால் இரண்டாவதற்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 0-உம் 19-உம் மோதினால் ஒன்றரை சதவீதம்கூட இல்லை. ஆனாலும் ஏதோ கொஞ்சம் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

## எதையும் தொடாமல் விடுவது

இதையும் ஒரு வழியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். டெஸ்க்டாப் விண்டோஸ் முன்னால் திறந்திருக்கும் நிரலுக்குச் சற்று நீண்ட நேரத்துண்டு கொடுக்கிறது. விசை அழுத்தலுக்காகக் காத்திருந்து விழிக்கும் திரெட்டைத் தற்காலிகமாக ஏற்றியும் விடுகிறது. கோர்கள் நிறைய இருக்கும் கணினியில், நான்கு திரெட்டுகளை மட்டும் பயன்படுத்தும் வேலை ஓடினால் நீங்கள் எதையும் உணரவே மாட்டீர்கள். ஹேண்ட்பிரேக் போன்ற வீடியோ மாற்றும் நிரல்களின் அமைப்புகளிலேயே முன்னுரிமையைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. முதலில் அங்கே பாருங்கள், வெளியே எதையும் தொட வேண்டிய தேவையே வராமல் போகலாம்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. இன்டெல் 2021-இல் பன்னிரண்டாம் தலைமுறையில் பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகையை டெஸ்க்டாப் சிபியுக்களிலும் கலந்து வைத்தது. அப்படிப்பட்ட கணினியில் கனமான வேலையின் ஜன்னலைக் கீழே இறக்கி மறைத்துவிட்டால், இது பின்னணி வேலைதானே என்று கணினி அதைச் சிறிய கோர்களுக்குத் தள்ளிவிடுவது உண்டு. டாஸ்க் மேனேஜரின் வரைபடத்தில் ஒரு பக்கக் கட்டங்கள் முழுக்க நிறைந்தும் மறுபக்கக் கட்டங்கள் காலியாகவும் தெரியும். ஜன்னலை மறுபடி மேலே கொண்டுவந்தால் நிலைமை மாறும். வேலை ஏன் இன்று மட்டும் மெதுவாகப் போகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இதைச் சோதித்துவிடுங்கள்.

## ஏற்றிவிடுவது

ஏற்றுவதால் என்ன கிடைக்கும் என்பதை ஏற்றாமலேயே கணக்கிட்டுவிடலாம். டீடெயில்ஸ் பக்கத்தில் உங்கள் நிரலுக்கு நேரே இருக்கும் சிபியு எண்ணைப் பாருங்கள். அது ஏற்கெனவே 97 என்று காட்டினால், ஹை கொடுத்தாலும் ரியல்டைம் கொடுத்தாலும் அதிகபட்சம் கிடைக்கக்கூடியது மிச்சமுள்ள 3 சதவீதம். ஒரு மணி நேர வேலையில் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. மாறாக அந்த எண் 40 என்று காட்டி, கணினியின் மொத்தச் சுமையும் 45 என்றே இருந்தால், வேலையைத் தடுப்பது சிபியு வரிசையே அல்ல. டிஸ்க்காக இருக்கலாம், நிரல் ஒன்றிரண்டு திரெட்டுகளுக்குமேல் பயன்படுத்தாததாக இருக்கலாம். ஏற்றி ஒரு பயனும் இல்லை.

பயன் இருக்கும் ஒரே சூழல், வேறு ஏதோ ஒன்றும் சிபியுவை அள்ளிக்கொண்டிருப்பது. அப்போதும் அந்த வேறு ஒன்றை இறக்கிவிடுவது இதைவிடப் பாதுகாப்பானது.

இனி விலையைப் பார்ப்போம். திரையில் ஜன்னல்களை வரைந்து காட்டும் விண்டோஸ் பகுதி ஹை படியில் ஓடுகிறது. டாஸ்க் மேனேஜரும் அப்படியே. பதினாறு திரெட்டுகள் கொண்ட கனமான வேலையை அதே படிக்கு ஏற்றினால், அது இவற்றோடு தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். வேலை துளி வேகமாகும், திரை திக்கும்.

ரியல்டைம் என்பது வேறு உலகம். 16 முதல் 31 வரையுள்ள மேல்பாதிப் படிகளில் இயங்குதளத்தின் சொந்த வேலைகள் பலவும் இருக்கின்றன. அங்கே ஒரு கனமான வேலை 24-இல் போய் உட்கார்ந்தால், டிஸ்க் தற்காலிகச் சேமிப்பை எழுதி முடிப்பதும் மவுஸ் அசைவைக் கவனிப்பதும்கூடப் பின்தள்ளப்படலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. நான் எச்சரிக்கை படிக்காத காலத்தில் ஒரு வீடியோ மாற்றத்துக்கு ரியல்டைம் கொடுத்தேன். முதல் பத்து நொடிகள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு மவுஸ் அம்பு திரையின் நடுவில் அப்படியே நின்றது. கடிகாரத்தின் நிமிடம் மாறவில்லை. முன்னுரிமையைத் திரும்ப இறக்கலாம் என்றால் அதற்கு மெனுவைத் திறக்க வேண்டும், மெனுவைத் திறக்க மவுஸ் வேண்டும். விசைப்பலகையில் எதை அழுத்தியும் பதில் இல்லை. இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு மின்பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பாதி எழுதப்பட்ட கோப்பு எந்தப் பிளேயரிலும் திறக்கவில்லை. அதோடு அன்று காலை முதல் சேமிக்காமல் திறந்து வைத்திருந்த ஆவணமும் போயிற்று.

இன்னொரு சின்ன விஷயம். நிர்வாகி அனுமதி இல்லாமல் ரியல்டைமைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் ஹை கொடுத்துவிட்டுப் போய்விடும். ‘நான் ரியல்டைம்தான் வைத்திருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான் என்பது என் சந்தேகம்.

ஏற்றுவதால் வேலையே மெதுவாகும் நிலைமையும் உண்டு. உங்கள் நிரல் ஒரு கோப்பைத் திறக்கிறது. வைரஸ் தடுப்பு நிரல் அதைச் சோதித்து அனுமதிக்க வேண்டும். அது நார்மலில் இருக்கிறது. உங்கள் நிரலின் மற்றத் திரெட்டுகள் ஹையில் எல்லாக் கோர்களையும் பிடித்துக்கொண்டிருக்க, சோதனைக்கு இடம் கிடைப்பதில்லை. கோப்புக்காகக் காத்திருக்கும் திரெட் அப்படியே நிற்கிறது. மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்காகக் காத்திருக்கும் இந்தக் கோளாறு பூமியோடு முடிந்ததல்ல. 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி அடிக்கடி தானாக மறுதொடக்கம் செய்துகொண்டது. வானிலைத் தகவல் சேகரிக்கும் கீழ்நிலை வேலை ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது (பூட்டு என்பது ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் வைத்திருக்கக்கூடிய அனுமதி). அந்தப் பூட்டுக்காக மேல்நிலை வேலை காத்திருந்தது. நடுநிலையில் இருந்த வேறொரு வேலை வந்து கீழ்நிலை வேலையை ஓடவிடாமல் தடுத்தது. மேல்நிலை வேலை நேரத்துக்கு முடியவில்லை என்று கண்ட காவல் கடிகாரம் முழுக் கணினியையும் மறுதொடக்கம் செய்தது. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கடன் கொடுக்கும் அமைப்பைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள்.

அப்படியானால் ஏற்றுவது எதற்கு? சிபியுவைக் கொஞ்சமாகப் பயன்படுத்தும், ஆனால் நேரம் தவறக் கூடாத வேலைக்கு. ஒலிப்பதிவு, திரைப்பதிவு, நேரலை ஒளிபரப்பு இவையெல்லாம் அந்த வகை. ஒலிப்பதிவு நிரலுக்கு ஒரு கோரில் ஐந்து சதவீதம் போதும். ஆனால் அந்த ஐந்து சதவீதம் சில மில்லிநொடி தாமதமானாலும் பதிவில் ‘டப்’ என்று ஓர் ஓசை விழும். இத்தகைய நிரலை அபவ் நார்மலுக்கோ ஹைக்கோ ஏற்றினால் மற்றவர்களுக்கு நஷ்டமில்லை, அதற்கு நிச்சயமான பலன் உண்டு. கனமானதை ஏற்றாதீர்கள், இலேசானதை ஏற்றுங்கள்.

லினக்ஸில் நைஸ் எண்ணை 0-க்குக் கீழே கொண்டுபோக நிர்வாகி அனுமதி வேண்டும். அங்கும் ரியல்டைம் வகை உண்டு. ஆனால் ரியல்டைம் வேலைகள் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு நொடியிலும் 0.95 நொடிக்குமேல் எடுக்க முடியாதபடி இயல்பாகவே ஒரு கட்டுப்பாடு இருப்பதால், மின்பொத்தானைத் தேட வேண்டிய நிலை வருவது அபூர்வம்.

## இறக்கிவிடுவது

எட்டுக் கோர் கணினியில், யாரும் தொடாவிட்டால் 60 நிமிடம் எடுக்கும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். அதைப் பிலோ நார்மலுக்கு இறக்கிவிட்டு, நீங்கள் கடிதம் எழுதுகிறீர்கள், நாலைந்து வலைப்பக்கங்களைப் பார்க்கிறீர்கள். உங்கள் பயன்பாடு எல்லாம் சேர்த்துச் சராசரியாக 5 சதவீதம் என்று வையுங்கள். வேலை 63 நிமிடத்தில் முடியும். எழுந்து தேநீர் குடிக்கப் போனால் அந்த 5 சதவீதமும் அதற்கே போய்விடும். கொடுக்கும் விலை மூன்று நிமிடம், கிடைப்பது தடையில்லாத மேசை. இதைவிட மலிவான பேரம் கணினியில் குறைவு.

பிலோ நார்மலா, லோவா? நார்மலில் இருக்கும் நிரல்களின் கண்ணுக்கு 6-உம் 4-உம் ஒன்றுதான், இரண்டும் தனக்குக் கீழே. லோவில் போட்டால் மற்றப் பின்னணி வேலைகளுக்கும் பின்னால் நிற்க நேரும், அவ்வளவே. ஆகவே பிலோ நார்மல் போதும்.

விண்டோஸ் 11-இல் ‘எஃபிஷியன்ஸி மோட்’ என்று இலைச் சின்னத்தோடு ஒன்று இருக்கிறது. பார்ப்பதற்கு இதே வேலையைச் செய்வதுபோல் தோன்றும். அது முன்னுரிமையை லோவுக்கு இறக்குவதோடு நிற்காமல், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்தும்படியும் சிபியுவிடம் சொல்கிறது. சிபியு இயங்கும் வேகம் குறையலாம், வேலை சிறிய கோர்களுக்குத் தள்ளப்படலாம். அப்போது வரிசையில் வேறு யாருமே இல்லாவிட்டாலும் வேலை மெதுவாகத்தான் போகும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் ‘டாஸ்க்பாலிசி’ கட்டளையால் ஒரு வேலையைப் பின்னணிக்கு அனுப்புவதும் இப்படியே. அது சிறிய கோர்களுக்குள் அடைபடும், பெரிய கோர்கள் சும்மா கிடந்தாலும் அங்கே ஏறாது. விசிறிச் சத்தம் கேட்கக் கூடாது, பேட்டரி நீடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது வரம். முடிவு நேரம் முக்கியம் என்பவர்கள் இதைத் தொடக் கூடாது.

மறைமுகச் செலவுகள் இங்கும் உண்டு. விண்டோஸின் விதி கறாரானது என்றேனே, அதன் மறுபக்கம் இது: ஏதோ ஒரு நிரல் தொங்கிப்போய் நார்மலில் ஒரு கோரை வீணாகச் சுற்றிக்கொண்டிருந்தால், இறக்கிவிடப்பட்ட உங்கள் வேலை அதற்கும் வழிவிட்டு நிற்கும். இரவு முழுக்க ஓடவிடும் வேலை என்றால், படுக்கப் போகும்முன் டாஸ்க் மேனேஜரில் வேறு எதுவும் மேயவில்லை என்று பார்த்துவிடுவது நல்லது.

லினக்ஸில் சாதாரணப் பயனர் நைஸ் எண்ணை 10-க்குக் கொண்டுபோன பிறகு மனம் மாறினால், இயல்பான அமைப்பில் நிர்வாகி அனுமதி இல்லாமல் திரும்ப 0-க்குக் கொண்டுவர முடியாது. ஒருவழிப் பாதை. அதைவிட நுட்பமான சிக்கல், 2011-இல் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலின் 2.6.38 பதிப்போடு வந்த ‘ஆட்டோகுரூப்’. அது இயங்கும் இடங்களில் ஒவ்வொரு டெர்மினல் (கட்டளை ஜன்னல்) அமர்வும் ஒரு குழு. நைஸ் எண் அந்தக் குழுவுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். 19 கொடுத்தும் கணினி இழுக்கிறதே என்று குழம்புபவர்கள் இதைச் சந்தேகிக்கலாம். அப்போது லினக்ஸில் வேலைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் ‘சிஸ்டம்டி’ வழியே வேலையைத் தனிக் குழுவாகத் தொடங்கி, 100 என்ற இயல்பான சிபியு எடையை 20-க்கோ 10-க்கோ குறைப்பது வேலை செய்யும்.

நிலைத்து நிற்குமா? டாஸ்க் மேனேஜரில் கொடுத்தது அந்த ஓட்டத்துக்கு மட்டும். நிரலை மூடித் திறந்தால் பழைய கதைதான். அடிக்கடி செய்பவர்கள் விண்டோஸின் ‘ஸ்டார்ட்’ கட்டளையில் பிலோ நார்மல் என்று குறிப்பிட்டு ஒரு ஷார்ட்கட் செய்து வைத்துக்கொள்ளலாம். இங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. லோவிலோ பிலோ நார்மலிலோ இருக்கும் நிரல் பிறப்பிக்கும் பிள்ளை நிரல்களும் அதே படியில்தான் பிறக்கும். ஹையில் இருக்கும் நிரலின் பிள்ளைகள், தனியாகச் சொல்லாவிட்டால், நார்மலிலேயே பிறக்கும். நூற்றுக்கணக்கான சிறு நிரல்களைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும் கம்பைல் வேலைக்கு (எழுதிய நிரலை ஓடக்கூடிய நிரலாக மாற்றுவது), கட்டளை ஜன்னலை ஒருமுறை இறக்கினால் போதும், ஏற்றினாலோ பிள்ளைகளுக்கு அது போய்ச் சேராது.

போகிற போக்கில் ஒரு புதிருக்கும் விடை: குறித்த நேரத்தில் வேலையைத் தானாகத் தொடங்கும் டாஸ்க் ஷெட்யூலர் வழியே ஓடும் வேலை, கையால் ஓட்டுவதைவிட மெதுவாக இருப்பதாக உணர்ந்திருக்கிறீர்களா? அது வேலைகளை இயல்பாகவே பிலோ நார்மலில்தான் தொடங்குகிறது.

## கோர்களைப் பிரித்துக் கொடுப்பது

அஃபினிட்டி என்பது வேலி. இந்த வேலை இந்தக் கோர்களுக்குள் மட்டும் மேயலாம் என்று கட்டிவிடுவது. லினக்ஸில் இதற்கு ‘டாஸ்க்செட்’. ஆப்பிள் சிப் மேக்கில் குறிப்பிட்ட கோரில் கட்டும் வசதி பயனருக்கு இல்லை.

அதே 60 நிமிட வேலையை எட்டில் ஏழு கோர்களுக்குள் கட்டினால் 68 நிமிடத்துக்குமேல் ஆகும். நீங்கள் மேசையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 68. விட்டுவைத்த கோர் வெறுமனே கிடந்தாலும் வேலை அங்கே போக முடியாது. இறக்கிவிட்டபோது 63 என்பதோடு ஒப்பிட்டால், வேலிக்கு நாம் கொடுக்கும் வாடகை தெரிகிறது.

வேலி கட்டுவதில் தவறும் எளிது. பதினாறு கட்டங்கள் காட்டும் கணினியில் உண்மையான கோர்கள் எட்டாகத்தான் இருக்கலாம், ஒவ்வொன்றும் இரண்டாகத் தோன்றும். ஒரே ஒரு கட்டத்தின் டிக்கை எடுத்துவிட்டு ஒரு கோரை மிச்சப்படுத்தியதாக நினைத்தால், அதன் இரட்டை இன்னும் அதே வன்பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் பொதுவாக 0-உம் 1-உம் இரட்டை, இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். லினக்ஸில் பல கணினிகளில் 0-க்கு இரட்டை 8. பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வேலி சிறந்து விளங்கும் இடங்கள் மூன்று. பல கோர்களைக் கண்டாலே தடுமாறும் பழைய நிரல், ஒலிப்பதிவுக்கென்று ஒரு கோரைக் கண்டிப்பாக ஒதுக்க வேண்டிய நிலை, பெரிய கோர்களில் மட்டும் அல்லது சிறிய கோர்களில் மட்டும் ஓட வேண்டிய வேலை. மற்றபடி எனக்கு இதன்மேல் ஈர்ப்பு இல்லை.

## நிரலுக்குள்ளேயே திரெட்டுகளைக் குறைப்பது

பலர் தேடாத இடத்தில் இருப்பதால் இது கவனிக்கப்படுவதில்லை. செவன்-ஜிப்பில் சுருக்கும்போதே எத்தனை திரெட் என்று கேட்கும் பெட்டி இருக்கிறது. முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரின் ரெண்டர் (இறுதிப் படத்தை உருவாக்கும்) அமைப்பில் இருக்கிறது. வீடியோ மாற்றும் எஃப்எஃப்எம்பெக்கிலும் கம்பைல் செய்யும் ‘மேக்’, ‘நிஞ்சா’ கருவிகளிலும் கட்டளையிலேயே எண் கொடுக்கலாம்.

நேரக் கணக்கில் இது அஃபினிட்டிக்குச் சமம், ஆனால் ஒழுங்கானது. வேலி கட்டினால் பதினாறு திரெட்டுகள் பதினான்கு இடங்களுக்கு அடித்துக்கொள்ளும். இங்கே திரெட்டே பதினான்குதான். அதைவிடப் பெரிய காரணம் நினைவகம். பதினாறு கோப்புகளை ஒரே நேரத்தில் கம்பைல் செய்கிறீர்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை ஜிபி கேட்கிறது என்றால் மொத்தம் 24 ஜிபி. கணினியில் இருப்பது 16. மிச்சத்தை இயங்குதளம் டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும், கணினி சேற்றில் மாட்டிய வண்டியாகும். அப்போது முன்னுரிமையை லோவுக்கு இறக்கினாலும் இம்மியும் மாற்றமிருக்காது, ஏனென்றால் அடைப்பு சிபியுவில் இல்லை. எண்ணிக்கையை எட்டாகக் குறைத்தால் 12 ஜிபிக்குள் அடங்கும், வேலையும் சீக்கிரம் முடியும். ‘மேக்’ கருவிக்கு இணையாக ஓட்டு என்று சொல்லிவிட்டு எண்ணைக் கொடுக்க மறந்தால், அது வரம்பே இல்லாமல் கிளப்பிவிடும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

## உச்சவரம்பு விதிப்பது

லினக்ஸில் ‘சிஸ்டம்டி’ வழியே ஒரு வேலைக்குச் சிபியு கோட்டா கொடுக்கலாம். 400 சதவீதம் என்றால் நான்கு கோர் அளவு, அதற்குமேல் எக்காரணம் கொண்டும் கிடையாது. விண்டோஸில் இதை நிரலாளர்கள் செய்யலாம், சாதாரணப் பயனருக்கு மெனு எதுவும் இல்லை. சூட்டையும் சத்தத்தையும் கட்டுப்படுத்த இது நல்லது. நேரத்தை மிச்சப்படுத்தாது.

## ஒரே பார்வையில்

| வழி | முடியும் நேரம் | மேசையில் மற்ற வேலை | தவறினால் | நிலைக்குமா |
|---|---|---|---|---|
| தொடாமல் விடுவது | 60 நிமிடம், நீங்கள் பயன்படுத்தினால் கொஞ்சம் கூடும் | சில சமயம் இழுக்கும் | ஒன்றுமில்லை | – |
| ஹைக்கு ஏற்றுவது | ஓரிரு நிமிடம் குறையலாம் | மோசம் | திரை திக்கும் | இல்லை |
| ரியல்டைம் | அதேதான் | பெரும்பாலும் இயலாது | கணினி உறையலாம் | இல்லை |
| பிலோ நார்மல் | சுமார் 63 நிமிடம் | மிக நன்று | வேலை தாமதமாகும், அவ்வளவே | ஷார்ட்கட் செய்தால் ஆம் |
| ஒரு கோரை விட்டுக் கட்டுவது | சுமார் 68 நிமிடம் | நன்று | தவறான கட்டத்தை எடுத்தால் பயனில்லை | இல்லை |
| ஒரு கோருக்கான திரெட்டைக் குறைப்பது | சுமார் 68 நிமிடம், நினைவகம் போதாத கணினியில் லாபம் | நன்று | ஒன்றுமில்லை | பெரும்பாலும் ஆம் |
| உச்சவரம்பு | வரம்பைப் பொறுத்தது | நன்று | வேலை தேவையின்றி நீளும் | ஆம் |

## முன்னுரிமைக்கு எட்டாத இடங்கள்

சிபியு 30 சதவீதமே காட்டுகிறது, ஆனாலும் கணினி நகரவில்லை என்றால் மேலே சொன்ன எதையும் முயல வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்கிறதா பாருங்கள். டிஸ்க் வரிசை தனி வரிசை. லினக்ஸில் அதற்கென ‘ஐஓநைஸ்’ உண்டு, ஆனால் பிஎஃப்க்யூ போன்ற சில டிஸ்க் ஒழுங்கமைப்பிகள்தான் அதன் பேச்சை முழுமையாகக் கேட்கும். விண்டோஸில் நடைமுறை வழி, படிக்கும் கோப்பையும் எழுதும் கோப்பையும் இயங்குதளம் இல்லாத வேறு டிஸ்க்குக்கு மாற்றுவது.

ரெண்டர் வேலை கிராஃபிக்ஸ் கார்டில் ஓடும்போது திரை திக்கினால் காரணம் வேறு. ஜன்னல்களை வரைவதும் அதே கார்டுதான். டீடெயில்ஸ் பக்கத்தின் முன்னுரிமை சிபியுவைப் பற்றியது, கார்டுக்குள் நடப்பதை அது நேராக மாற்றாது. சிபியுவிலேயே காட்சி வெளியீட்டு வசதி இருந்தால் மானிட்டரை அதில் இணைத்துவிட்டு, கார்டை ரெண்டருக்கு மட்டும் விடலாம்.

வேலை தொடங்கிய பத்து நிமிடத்தில் வேகம் குறைகிறது என்றால் சூட்டைச் சந்தேகியுங்கள். தூசி அடைத்த விசிறிக்கு முன்னுரிமைப் பட்டியல் தெரியாது.

## உங்கள் நிலைமைக்கு எது?

அதே கணினியில் எழுதிக்கொண்டும் உலாவிக்கொண்டும் வீடியோ மாற்றுபவர், பெரிய கோப்புகளைச் சுருக்குபவர், படங்களைத் தொகுதியாகத் திருத்துபவர்: பிலோ நார்மல். வேறு யோசனையே வேண்டாம். கம்பைல் செய்பவர் முதலில் நினைவகத்தைக் கணக்கிட்டு இணை எண்ணிக்கையை நிர்ணயிக்கட்டும், பிறகு கட்டளை ஜன்னலை இறக்கட்டும். ஒலிப்பதிவு அல்லது நேரலையோடு கூடவே வேறு கனமான வேலையும் ஓட வேண்டியவர் கனமானதைப் பிலோ நார்மலுக்கு இறக்கி, பதிவு நிரலை அபவ் நார்மலுக்கு ஏற்றட்டும். அதற்குப் பிறகும் ‘டப்’ ஓசை விழுந்தால் மட்டும் கோர்களைப் பிரிக்கலாம். மடிக்கணினியில் சத்தமும் சூடும் தாங்கவில்லை என்பவருக்கு எஃபிஷியன்ஸி மோட் அல்லது உச்சவரம்பு.

இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்பவர் முன்னுரிமையைத் தொடவே வேண்டாம், போட்டிக்கு யாரும் இல்லை. அவர் பார்க்க வேண்டியது பவர் அமைப்பில் இருக்கும் ‘ஸ்லீப்’ நேரத்தைத்தான். எல்லாவற்றையும் கணக்காக அமைத்துவிட்டுப் படுத்த ஓர் இரவுக்குப் பின் நான் எழுந்து பார்த்தபோது, திரை கருத்துக் கிடந்தது. விசையைத் தட்டியதும் கணினி விழித்து, விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தது: 11 சதவீதம்.